மலையில்லாத நாட்டில் எதைப் பார்ப்பது?

தெற்கிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வரும் சுற்றுலா பஸ்கள் வவுனியாவைக் கடந்த பின் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், மறுபடி ஏறிவிடுவார்கள். போருக்குப் பின் சில காலம் கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியும் ஆனையிறவும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. மற்றப்படி இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார் வீதி, அவ்வளவுதான் வன்னி. நல்லூரும் நயினாதீவும்தான் அவர்கள் போகுமிடம். நம்மவரும் இதில் குறைந்தவர்கள் அல்லர். வன்னிப் பாடசாலைகள் கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் சிகிரியாவுக்கும் கூட்டிப்போகின்றன. மலை வேண்டும், அருவி வேண்டும், ஏறி நின்று படம் எடுக்க ஓர் உச்சி வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் வன்னியில் பார்க்க ஒன்றுமில்லை என்ற முடிவுக்குத்தான் வரமுடியும். அளவுகோலே இந்த நிலத்துக்குப் பொருந்தாது என்பது என் வாதம். வன்னியின் இயற்கைக் காட்சி ஓரிடத்தில் நிற்பதல்ல; மழை விழுந்த இடத்திலிருந்து அது கடலில் சேரும் இடம் வரை ஓடுவது. ஆற்றின் வழியே, பருவம் அறிந்து போகிறவருக்குத்தான் அது கண்ணில் படும்.

வறண்ட நிலம் பார்க்கத் தகுந்ததா என்ற கேள்வியை உலகில் வேறு சிலரும் கேட்டு விடை கண்டிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் தெற்கே கிரனாடா மாகாணத்தில் குவாதிக்ஸ், பாஸா என்ற ஊர்களைச் சுற்றி ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தெற்கில் பனி மூடிய சியரா நெவாடா மலை 3,400 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பள்ளத்தாக்கோ காய்ந்து வெடித்த களிமண் மேடுகளும் ஓடைக் கீறல்களுமாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் ஆறுகள் கடலுக்குப் போகாமல் உள்ளேயே ஓர் ஏரியில் அடங்கின. ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து அரித்துக்கொண்டு வந்த ஓர் ஆறு அந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஏரி வற்றியது. அதன் அடியில் படிந்திருந்த வண்டலை மழையோடைகள் வெட்டி வெட்டி இன்று நாம் படங்களில் காணும் சிவந்த பள்ளங்களாக்கின. பல நூற்றாண்டுகள் இதைப் பயனற்ற நிலம் என்றே சொன்னார்கள். 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் புவியியல் பூங்காக்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கிழக்கே அல்மேரியாவிலுள்ள தபெர்னாஸ் பாலைநிலத்துக்கோ 1960களில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி தம் கௌபோய்ப் படங்களை எடுத்துப் பெயர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் நிலம் மாறவில்லை. தண்ணீர் விட்டுப்போன தடத்தை வாசிக்கச் சிலர் பழகினார்கள், வாசித்ததை வருகிறவருக்குச் சொன்னார்கள்.

ஸ்பெயினை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட முடியாது. தபெர்னாஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 முதல் 250 மில்லிமீற்றர். வன்னியில் 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் பெய்கிறது. லண்டன் நகரத்து மழையைப் போல இரண்டு மடங்கு இது. 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடமெல்லாம் உலர் வலயம் என்று இலங்கைப் புவியியலாளர் வகுத்திருப்பதால் வன்னி அந்தக் கணக்குக்குள் விழுகிறது. குறைவு மழையின் அளவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரையான நான்கு மாதத்துக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து, விழுந்ததை மீண்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். மார்கழியில் இடுப்பளவு வெள்ளம் போன தரவையில் ஆவணியில் மாடு நின்று மண்ணை நக்கும். ஒரே நிலம் ஆண்டுக்கு இரண்டு நிலமாக மாறுகிறது. குவாதிக்ஸ் நீர் போன கதையைச் சொல்கிறதென்றால், வன்னி நீர் வந்து, நின்று, போகும் கதையை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்கிறது.

இந்த நீர் ஏன் இங்கே மேற்பரப்பில் தங்குகிறது, யாழ்ப்பாணத்தில் ஏன் தங்குவதில்லை என்று கேட்க வேண்டும். விடை பாறையில் இருக்கிறது. புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கமாக ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். கடல் மூடியிருந்த காலத்தில் படிந்த கல் அது. மழை நீரைத் தன் துளைகளுக்குள் இறக்கிவிடும். அதனால்தான் யாழ்ப்பாணத்து விவசாயி கிணற்றை நம்பினான். கோட்டுக்குத் தென்கிழக்கே இருப்பது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழைய படிகப் பாறை. இலங்கையின் அடிப்பாறையை வகைப்படுத்திய புவிச்சரிதவியலாளர்கள் அதில் ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரின் பெயர் உலகப் புவிச்சரிதவியல் ஏடுகளில் அடிக்கடி அச்சாவது இந்தக் காரணத்தால்தான். அது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தக் கடும்பாறை நீரை எளிதில் உள்ளே விடாது. விழுந்தது மேலே ஓடும், தாழ்வில் தேங்கும், மறித்தால் குளமாகும். வவுனியாவிலிருந்து பூநகரிக்கு ஒரே நாளில் பயணம் செய்கிறவர் இந்தப் பாறை எல்லையைக் கடக்கிறார். செம்பழுப்பு மண்ணில் வளர்ந்த பாலை, வீரை, முதிரை மரங்களும் வயலும் குளமும் குறைந்து, வெட்டைவெளியும் பனையும் உவர்த்தரையும் கூடிவருவதைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாலே போதும்.

ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடக்கில் சேமமடுப் பக்கம் தொடங்குகிறது. மழை முடிந்த சில மாதங்களில் அதைக் கடக்கிறவருக்கு அது ஆறாகத் தோன்றாது. மணல், நடுவே ஒரு தேக்கம், கரையில் மருதும் நாவலும். ஆனால் கரை மரங்களின் உயரத்தைப் பார்த்தால் அடியில் நீர் ஓடுவது புரியும். காட்டின் மற்ற மரங்கள் ஒருபடி தாழ்ந்து, இலை சிறுத்து நிற்க, ஆற்றோரத்து வரிசை மட்டும் பசுமையாக உயர்ந்து செல்லும். வடக்கே ஓடி வந்த ஆற்றை இரணைமடு மறிக்கிறது. 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்த அணைக்கட்டு, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிறது. மார்கழியில் வான்கதவுகள் திறக்கும்போது குளக்கட்டில் கூட்டம் சேரும். அங்கே போகிறவர் பாயும் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அடுத்த நாள் பின்தொடர்ந்தால், அது ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய் விரிவதைக் காணலாம். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அந்த ஆழமற்ற பரப்பில்தான் பூநாரைகள் இறங்குகின்றன. வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் வாத்தினங்களும் கரையோரப் பறவைகளும் புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும். 1938இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015இல் தேசிய பூங்காவானது.

இந்த முடிவிடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1950களில் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வகுத்தார். கடலில் சேரும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வழியாக வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுபோவது அதன் சாரம். வேலை தொடங்கியும் முற்றாகவில்லை. பிற்காலத்தில் இரணைமடு நீரைக் குழாய் வழி யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். உழவனுக்கும் குடிதண்ணீர் கேட்பவனுக்கும் பூநாரைக்கும் ஒரே ஆற்றின் மீது உரிமைக் கேள்வி எழுகிறது. சுண்டிக்குளம் முழுக்க நன்னீரானால் இன்று அங்கே இறங்கும் பறவைக்கூட்டம் இப்படியே இராது. இதை அறிந்து அந்தக் கரையில் நிற்பவருக்கு எதிரே தெரிவது அழகு மட்டுமல்ல, தீராத ஒரு வழக்கும்கூட.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். இரணைமடு மனிதன் கட்டியது, வவுனிக்குளம் மனிதன் கட்டியது, முத்தையன்கட்டும் அப்படியே. இவற்றை இயற்கைக் காட்சிகளில் எப்படிச் சேர்ப்பது? நேர்மையான கேள்வி. குளக்கட்டு மண்ணைக் கூலியாள் சுமந்தான், துருசை மேசன் கட்டினான் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கே கட்டுவது என்பதை நிலத்தின் சரிவு முடிவு செய்தது. மேட்டிலிருந்து கடல் வரை ஒரு குளத்தின் வான் வெள்ளம் அடுத்த குளத்துக்குப் போகும்படி தொடராக அமைந்த இந்த ஏற்பாட்டை, உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம முறை என்ற பெயரில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமைகளில் சேர்த்தது. சியரா நெவாடாவிலும் இதே நிலைதான். அங்கே அரபு ஆட்சிக் காலத்தவர் வெட்டிய அசேக்கியா என்னும் வாய்க்கால்கள் பனி உருகிய நீரை மலையின் மேற்சரிவிலேயே மண்ணுக்குள் இறக்குகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்து அது கீழே ஊற்றாக வெளிவருகிறது. அந்தச் சரிவின் பசுமையில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு வாய்க்கால் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆள் கைபடாததுதான் இயற்கை என்று பிடிவாதம் பிடித்தால் வன்னியின் காடும் தேறாது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைப் படிப்பவர், காட்டுக்குள் எத்தனை உடைந்த குளங்கள் கிடந்தன என்பதை அறிவார். இன்று அடர்காடு என்று நாம் வியக்கும் பல இடங்கள் ஒரு காலத்து வயல்.

கிழக்கே இன்னொரு வழி. மாங்குளத்தில் ஏ9ஐ விட்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று ஊர்கள் வரும். பேராற்று நீரை முத்தையன்கட்டு தேக்குகிறது. மிஞ்சியது நந்திக்கடலில் சேர்கிறது. நந்திக்கடல் ஒரு களப்பு. மணல் திட்டு கடலை மறைத்து நிற்க, வட்டுவாகலில் ஒடுங்கிய வாய் ஒன்றுதான் வழி. மாரியில் ஆற்று வெள்ளம் ஏறி, கரையோர வயல்கள் மூழ்கும் நிலை வந்தால் அந்த வாயை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் இறால் பிடிப்பவரும் ஒரே கருத்தில் இருப்பதில்லை. கோடையில் அலை மணலைத் தள்ளி மறுபடி அடைத்துவிடும். ஆண்டுதோறும் திறந்து மூடும் இந்த வாயைவிடச் சிறந்த புவியியல் பாடம் இலங்கையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது என்பது என் எண்ணம். கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் உப்புநீர் எடுத்து விளக்கேற்றும் வழக்கை அறியாத வன்னியார் இல்லை. தெற்கே நாயாறும் கொக்கிளாயும் இதே வகைக் களப்புகள். கொக்கிளாய் 1951இலிருந்து பறவைச் சரணாலயம். அதன் கடற்கரை மணலில் இல்மனைற்று என்னும் கரிய கனிமம் கலந்திருக்கிறது. உள்நாட்டுப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து, ஆறு சுமந்து, அலை அரித்து ஒதுக்கிய எச்சம். பாறையிலிருந்து தொடங்கிய கதை அங்கே கைப்பிடி மணலாக முடிகிறது.

மலையே இல்லை என்று தலைப்பில் சொன்னாலும் பாறைக் குன்றுகள் உண்டு. குமுழமுனைக்கு அப்பால் தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர்மலை, நெடுங்கேணியை அடுத்து ஒலுமடுவில் வெடுக்குநாறி மலை. இன்று இவற்றின் பெயரைச் சொன்னதும் தொல்பொருள் திணைக்களம், பொலிஸ், நீதிமன்றக் கட்டளை என்பவைதான் நினைவுக்கு வருகின்றன. அந்த வழக்குகளின் நியாயம் பற்றிப் பேச இது மேடையல்ல. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். சுற்றிலுமிருந்த மென்மையான பாறை தேய்ந்து போக, கடினமானது எஞ்சி நிற்பதுதான் இத்தகைய குன்று. எந்த வழிபாட்டுக்கும் எந்த அரசுக்கும் எத்தனையோ கோடி ஆண்டு முந்தியது. இவ்வட்டாரத்துக் காட்டையும் மனிதரையும் நாவலாக்கிய அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து வந்தது. ஒரு நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் வழிகாட்டிப் புத்தகத்தை விட அது கூடுதல் வேலை செய்தது.

இனி எல்லாவற்றிலும் வலிய மறுப்புக்கு வருகிறேன். நந்திக்கடலை, வட்டுவாகலை, போர் முடிந்த 2009 மே மாதத்தோடு சேர்த்தல்லாமல் தமிழர் யாரும் நினைப்பதில்லை. அந்தக் கரையில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காட்சி பார்க்கப் போவது முறையா? இதற்கு முழுத் திருப்தியான பதில் என்னிடம் இருப்பதாக நான் நடிக்கப் போவதில்லை. முள்ளிவாய்க்கால் கரை சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறக் கூடாது என்றே நினைக்கிறேன். அது நினைவேந்தலுக்குரிய இடம். ஆனால் நந்திக்கடல் முழுவதையும் அந்த ஒரு மாதத்துக்குள் அடைத்துவிடுவதும் அநீதி. அதற்கு முன்னும் பின்னும் அதில் வலை வீசிப் பிள்ளை வளர்த்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வருகிறவர் இரண்டையும் அறிந்து வரட்டும். பூநாரையைப் பற்றி மட்டும் பேசி மே மாதத்தை மறைக்கும் வழிகாட்டி பொய்யன். மே மாதத்தைத் தவிர அந்த நீருக்கு வேறு வாழ்வே இல்லை என்பவரும் அங்கே வாழ்கிறவரைப் பார்க்க மறுக்கிறார். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கின் சில பகுதிகளில், முகமாலை போன்ற இடங்களில், இன்னும் நடக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் வைக்காதிருப்பது மரியாதை மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்.

பயணிகள் வந்தால் நிலம் கெடும் என்பது அடுத்த மறுப்பு. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்தவர்கள் இதைச் சொல்வதில் தவறில்லை. அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு முறைப்பாடு வருகிறது. 2015இல் சுண்டிக்குளம், 2017இல் நந்திக்கடல் என்று பாதுகாப்பு அறிவிப்புகள் வந்தபோது, இடம்பெயர்ந்து மீண்டவர்கள் தங்கள் வயலிலும் தரவையிலும் வன, வனசீவராசிகள் திணைக்களங்களின் எல்லைக் கற்களைக் கண்டார்கள். மாட்டுப் பட்டி கட்டிய இடம், தேன் எடுத்த காடு, வலை வைத்த துறை எல்லாம் அனுமதிக்குரியவையாயின. பறவையைக் காப்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் மாடு மேய்ந்து புல்லைக் குறைத்த தரவையிலும், மீனவர் இருந்து காத்த களப்பிலும்தான் அந்தப் பறவைகள் இவ்வளவு காலம் தங்கின. அந்த மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பயணியை உள்ளே விடும் ஏற்பாடு நீடிக்காது. படகு மீனவர் சங்கத்துடையதாக இருக்கட்டும். காட்டு வழி காட்டுகிறவர் அந்தக் காட்டில் பாலைப்பழம் பிடுங்கியவராக இருக்கட்டும். களப்புக் கரையில் விடுதி எதற்கு? முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தங்கிக் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

கடைசியாக, வன்னியில் ஒன்றுமில்லை என்ற பேச்சு எங்கிருந்து வலுப்பெறுகிறது என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து நம்மவர் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். வன்னி தன் மிக வறண்ட முகத்தைக் காட்டும் மாதங்கள் அவை. இரணைமடுவில் நீர் அடியில் கிடக்கும், களப்பின் ஓரத்தில் உப்பு வெளுத்திருக்கும், பூநாரைக் கூட்டம் குறைந்திருக்கும். அந்த மாதத்தில்தான் வர முடியும் என்றால் பார்க்க வேண்டியவை வேறு: குளத்து அலைகரைக்கு மாலையில் இறங்கும் யானைகள் (தூரத்தில், வாகனத்துக்குள் இருந்து), வற்றிய ஆற்று மணலும் கரை மருதும், வாய் அடைபட்ட வட்டுவாகல். கொஞ்சம் முந்தி, ஆனி மாதத்தில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். தை, மாசியில் வர முடிந்தவருக்கு மழை விட்டிருக்கும், குளம் நிறைந்திருக்கும், காலபோக நெல் கதிர் முற்றியிருக்கும், சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் பறவைகள் இருக்கும். மூன்று நாள் போதும். ஒரு நாள் சேமமடுவிலிருந்து கனகராயன் ஆற்றோடு இரணைமடு வரை, மறுநாள் சுண்டிக்குளம், மூன்றாம் நாள் மாங்குளம் வீதியால் முத்தையன்கட்டு, தண்ணீரூற்று, வற்றாப்பளை, பின் தெற்கே நாயாறு, கொக்கிளாய். கல்விச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் வன்னி ஆசிரியர்கள் வரும் தவணையில் நுவரெலியாவுக்குப் பஸ் பிடிப்பதற்கு முன் இந்த மூன்று நாளையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்; செலவும் குறைவு.